ஓரகத்தியின் பிரஷ்

மூத்த மருமகளுக்குப் பல் விஷயத்தில் ரோஷம் அதிகம். சாப்பிட்டு எழுந்தால் போதும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் பல்லைத் தேய்ப்பாள். பிறகு எரிகிற மருந்துத் தண்ணீரைக் கண்ணில் நீர் வரக் கொப்பளிப்பாள். இளைய மருமகளோ காலையிலும் இரவிலும் பூப்போல மெல்லத் தேய்த்துவிட்டுப் போய்விடுவாள். சிரித்தால் அவளுக்குத்தான் பல் பளிச்சென்று தெரியும். வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு மூத்தவளின் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. இருவரும் சேர்ந்து பல் டாக்டரிடம் போனார்கள்.

"இவ்ளோ அழுத்தித் தேய்ச்சா ஈறு எப்படிம்மா தாங்கும்? அந்தத் தண்ணி வேற வாயில இருக்கற நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லுது. இப்படியே போனா பல்லு நிக்காது" என்றார் டாக்டரம்மா. அடுத்து இளையவளின் வாயைப் பார்த்துவிட்டு, "அடடா, உங்க வாயில நல்ல கிருமிங்க ஜம்முனு குடித்தனம் நடத்துதே!" என்றார்.

மாமியாரின் செல்லம் இவளுக்கு. வெளிச்சமான அறை இவளுக்கு. இப்போது கிருமியில்கூட நல்லது இவளுக்குத்தானா? வீடு வரும்வரை மூத்தவள் மனசுக்குள் இதையே எண்ணிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இளையவள் பல் தேய்த்துவிட்டு நகர்ந்ததும், மூத்தவள் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். அந்த ஈர பிரஷை எடுத்துத் தன் வாயில் வைத்தாள். நல்ல கிருமி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளட்டுமே! அன்றிலிருந்து தினமும் இதே திருட்டு வேலை. பழக்கம் விடுமா? அதையும் அழுத்தித்தான் தேய்த்தாள். பிரஷின் நார்கள் நாலாபக்கமும் விரிந்துபோயின.

சில வாரங்களில் இளையவள் துப்பியதில் ரத்தம் வந்தது. மறுபடியும் அதே டாக்டர்; துணைக்கு மூத்தவளும் போனாள்.

"உங்க பிரஷை வேற யாராவது எடுக்கறாங்களா? அவங்க வாய்க் கிருமியெல்லாம் உங்களுக்கு வந்துடுமே."

மூத்தவளுக்கு உயிரே போய்விட்டது.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் இளையவள், அவள் பக்கம் திரும்பாமலே.

வழியில் மருந்துக்கடையில் மிருதுவான பிரஷ் இரண்டு வாங்கினாள். ஒன்றை மூத்தவள் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு, அக்கா. மெதுவா தேய்ங்க, பல்லு நிக்கும். என்னோடதுதான் வேணும்னா கேளுங்க, கொடுத்துட்டு நான் இன்னொண்ணு வாங்கிக்கறேன்."

மூத்தவளுக்கு மானம் போயிற்று. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. பாவி, கோபப்படக்கூடத் தெரியாத மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அவள் வயிறு எரிந்தது.