மூன்று தட்டில் குவிந்த பூக்கள்

பச்சையம்மா பன்னிரண்டாவது நூல்பூவைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாகக் குவிந்தது. நேற்றுப் போட்ட ஆறும் கோலம் மாதிரிப் படிந்து கிடந்தன. இன்று காலையிலிருந்து போட்ட ஆறும் கிண்ணம்.

ஆடியில் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு போனது போனதுதான். "திங்கக்கெழம வந்தா வா, இல்லாங்காட்டி வேற சித்தாளு பாத்துக்கறேன்" என்று மேஸ்திரி ஜெயவேலு சொல்லிவிட்டான். பியானோ சொல்லித்தரும் மெட்டில்டா டீச்சர்தான் நூல் பின்னும் குரோஷா ஊசியைக் கையில் கொடுத்து, தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார இடமும் கொடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சிட்லபாக்கத்து ரமா மேடம் வருவாள். பன்னிரண்டு பூவும் தட்டையாக இருந்தால் மேசை விரிப்பு வேலை இவளுக்கு. இல்லையென்றால் மறுபடி செங்கல்.

டீச்சர் வந்து பூவை விரித்து எண்ணினாள். இதழுக்கு மூன்று சங்கிலிக் கண்ணிதான்; ஒன்று குறைந்ததில் பூ இழுத்துக் குவிந்திருந்தது.

"சீட்டுல நாலுன்னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேன் டீச்சர். அறிவொளில எழுத்து கத்துக்கினது பின்ன எதுக்கு? கண்ணு நாலுன்னுதான் படிச்சிது. கை கேக்கல."

முன்னறையில் பியானோ படிக்க வந்த பாப்பா மறுபடி வாசிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பச்சையம்மாவின் விரல் தன்னால் மூன்று கண்ணி இழுத்து நின்றது. இருவரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"செங்கல் கைமாத்தறப்ப பாட்டுக்குத்தான் டீச்சர் கை போவும். அந்தப் பழக்கம். நேத்து பசங்க நாலு நாலா தட்டுச்சுங்க. இது மூணு மூணா தட்டுது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அந்த ஒரு தட்டுக்கு பியானோ பாடத்துல குரோச்செட்னு பேரு. இது குரோஷா. ரெண்டும் கொக்கிங்கற அர்த்தத்துல ஒரே பிரெஞ்சு வார்த்தைலேர்ந்து வந்ததாம். வேண்டாத பிடிவாதத்துக்கும் குரோச்செட்னு பேரு உண்டு."

"அது மேஸ்திரிக்கு வெச்ச பேரு."

"பாப்பாவ வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

"அதுக்குப் பரீட்சை கீதுன்னீங்களே. வேணாம். கொஞ்சம் பஞ்சு குடுங்க."

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நூலை இழுத்தாள். காலை முழுக்கப் போட்டது கால் மணியில் பிரிந்தது. சுவராக இருந்தால் இடிக்க ஒரு நாள் ஆகியிருக்கும். சோறு கேட்காமல், இடுப்பை நிமிர்த்தாமல், வாய்க்குள் நாலு நாலாக எண்ணிப் போட்டாள்.

ரமா மேடம் வந்தது அவள் காதில் விழவில்லை. பக்கத்தில் நிழல் விழுந்து நிமிர்ந்தபோது, பதினோரு பூவையும் மேடம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது இன்னும் ஊசியில் இருந்தது. மேடத்தின் வாய் அசைந்தது. பச்சையம்மா பஞ்சைப் பிடுங்கினாள்.

"விரிப்ப மண்டேலேர்ந்து இங்கயே உக்காந்து போடுங்க. ஃபேன் இருக்கு" என்றாள் மேடம்.

"வூட்ல போடறேம்மா."

"உன் வீடு ரயில் ரோட்டு ஓரமாச்சே" என்றாள் டீச்சர். "அந்தச் சத்தத்துலயா?"

பச்சையம்மா சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"ரயிலு ரெண்டு ரெண்டாதான் டீச்சர் தட்டும். நாலுக்குச் சரியா வரும்."