எத்தனை தலையணை

என் மனைவி இறந்த பிறகு அவளுடைய அம்மா என்னோடு தங்கிவிட்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. உறவினர்கள் எல்லோரும் கிளம்பியபோது அவர் மட்டும் பையைத் தூக்கவில்லை. கொஞ்ச நாள் இருக்கிறேன் மாப்பிள்ளை என்றார். சரி என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அசையாத காலின் சிரைக்குள் ரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகும் குழாயை அடைத்தது. இதை இப்படிச் சொல்ல என்னால் முடிகிறது. மருத்துவமனையில் எக்கோ எடுப்பது என் வேலை. படுக்க வைத்து, மார்பில் ஜெல் தடவி, திரையில் இதயத்தைப் பார்த்து அளவெடுப்பேன். பார்த்ததைச் சொல்ல மாட்டேன். சொல்வது டாக்டரின் வேலை. நோயாளிகள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். வீட்டிலும் அது உதவியது.

அத்தை நன்றாகப் பேசுவார். நான் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்து, சட்டையை இப்படி மிரட்டினால் அது எப்படி நேராகும் என்பார். மகளைப் பற்றி மட்டும் பேச மாட்டார். நானும்தான்.

ஒரு காலையில், மகளின் தலையணை சும்மாதானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறையை மாற்றவில்லை. அவள் தலைமுடியின் வாசனை அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு மகளின் செருப்பைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மனைவியின் பாதம் பெரியது; தன் காலைத் துடுப்பு என்று அவளே கேலி செய்வாள். அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குள் நடக்கும் சத்தம் கேட்கும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். அப்புறம் என் தலையணை ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சில காலைகளில் நான் எழுந்து வரும்போது, மனைவி உட்கார்ந்து படிக்கும் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். சாப்பாடு பாதியானது. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று கதவுகளில் இருக்கும் பெயர்ப்பலகைகளைப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. மகளை இழந்தவர். வேறென்ன வேண்டும்?

மைத்துனனுக்கும் அதே விளக்கம்தான். மனைவியின் தம்பி அவன். ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் போனால்தான் அவன் ஊர் வரும். பார்க்க வந்தவன் நாற்காலியையும் செருப்பையும் தலையணைகளையும் மாறி மாறிப் பார்த்தான். என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "வீடு முழுக்க அக்காதான் மாமா. இங்கயே இருந்தா அம்மா உருகியே போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்," என்றான்.

சரி என்றேன்.

அத்தைக்குக் காது கூர்மை. கூடத்திலிருந்தே, "என்னைக் கேட்டா மூட்டை கட்டறீங்க? மூட்டையோட மூட்டையா என்னையும் சேத்துக் கட்டுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. இடையில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் அந்த ஒரு வரியை அவர் முடித்தார். அதை நான் கவனித்தேன். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு லாரி ஓட்டுநர் எக்கோவுக்கு வந்திருந்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டாக்டர் அம்மா அவரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடந்தால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா. கடைசியாக, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை இத்தனை வருஷமாகக் காதில் வாங்கியிருக்கிறேன். இதயம் தளர்ந்தவர்களால் மட்டமாகப் படுக்க முடியாது. நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும். தலையை உயர்த்த ஒவ்வொரு தலையணையாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியில் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள்.

"மூணு டாக்டர்," என்றார் ஓட்டுநர். "மூணாவது என் பொண்டாட்டியோடது. அதுக்கு வீட்ல பெரிய பஞ்சாயத்து."

டாக்டர் சிரித்தார். என் கையில் ஜெல் குப்பி இருந்தது. அத்தையுடையது ஒன்று, என் மனைவியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. பிறகு நாற்காலி.

அந்த எக்கோவை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை இது, காலைத் தொட்டுக்கிட்டு."

விடாமல் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. மேலே வராமல் அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"படுத்தா மூச்சு முட்டுதா அத்தை?"

"கொஞ்சம்."

"தலையணை கேட்டது அதுக்குத்தானா?"

தலையாட்டினார்.

"செருப்பு?"

"என்னோடதுல கால் நுழையல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அவ தலையணைய நீங்க எடுத்துக் குடுத்தப்ப உங்க முகத்த நீங்க பாக்கல. கைக்குழந்தையக் குடுக்கற மாதிரி குடுத்தீங்க. அவ ஞாபகத்துக்குக் கேக்கறேன்னு நெனச்சிட்டீங்க. இல்ல மாப்பிள்ளை, மூச்சுக்குத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் எல்லாத்துக்கும் அப்படியே இருந்துட்டேன்."

மைத்துனனுக்கு போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றேன். அவன் காரணம் கேட்டான். அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு இருக்கலாம், வீங்கிய காலைத் தொங்கப்போட்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வைக்க நான் விடமாட்டேன், அவர் இங்கேதான் இருப்பார் என்றேன். சரி மாமா என்றான்.

அன்று மதியமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இன்னொரு டெக்னீஷியன் எடுக்கிறேன் என்றார். நானே எடுக்கிறேன் என்றேன். கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, அத்தையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நர்ஸ் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

திரையில் நான்கு அறைகளும் வந்தன. இடது மேலறை பெருத்திருந்தது. ஒழுங்காகச் சுருங்க வேண்டியது வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே ஓடிய ஈசிஜி கோட்டில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் வண்ணத்தைப் போட்டேன். நீலம் வால்வைத் தாண்டிப் பின்னால் பீறிட்டது. வழக்கம்போல் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன்.

"என்ன தெரியுது?"

"டாக்டர் சொல்லுவாங்க அத்தை."

"டாக்டரா எனக்கு மாப்பிள்ளை?"

நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையை அத்தை பக்கம் திருப்பினேன்.

"இந்தக் கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தத் தள்ளுது. தள்ளும்போது இந்தக் கதவு மூடிக்கணும். உங்களுக்குச் சரியா மூடல. கொஞ்சம் ரத்தம் திரும்பி மேல வந்துடுது. அங்க இடம் போதாம நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு. மேல இருக்கற அறை ஒழுங்கா சுருங்காததால ரத்தம் அங்க தேங்கி உறைஞ்சிடவும் கூடும்." அந்தச் சொல்லில் ஒரு நொடி நின்றேன். "அதுக்கு மாத்திரை இருக்கு. உறைய விடாது."

"மூடாத கதவா. உனக்கு எதையும் உள்ள வெச்சுக்கத் தெரியாதுன்னு அவ அப்பா அப்பவே சொல்வாரு."

"இத மட்டும் நல்லா வெச்சிருந்தீங்க."

சிரித்தார். படம் குலுங்கியது. அவர் மார்பில் புரோபை வைத்துப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. படிக்கிற காலத்தில் மனைவியைப் படுக்க வைத்துத்தான் எக்கோ எடுக்கப் பழகினேன். ஜெல் சில்லென்று பட்டதும் அவளும் இப்படித்தான் சிரிப்பாள். இதே குலுக்கல்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளோடதப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துது அத்தை. நாலு அறையும் அளவா. எல்லாக் கதவும் சரியா மூடும்."

அதற்குப் பிறகு திரையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நர்ஸ் காகிதத் துண்டை நீட்டினாள். ஜெல்லைத் துடைக்கத்தான். முதலில் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். நீரை வெளியேற்ற ஊசி, பிறகு மாத்திரை. ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, துடிப்பை அடக்க ஒன்று. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வால்வை என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தபோது கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. அத்தை தன் செருப்பையே போட்டுக்கொண்டார். என் தலையணை என் கட்டிலுக்குத் திரும்பியது.

மறுபரிசோதனைக்கு மைத்துனனும் வந்திருந்தான். டாக்டர் அத்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். காலை அழுத்திப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வி.

"இப்ப எத்தனை தலையணை?"

"ரெண்டு," என்றார் அத்தை.

டாக்டரின் பேனா நின்றது. மைத்துனன் என்னைப் பார்த்தான். ஒன்றில் மட்டமாகப் படுக்க முடியவில்லையா என்று டாக்டர் கேட்டார்.

"படுக்க முடியுது டாக்டர். தலைக்கு ஒண்ணுதான்," என்றார் அத்தை. "இன்னொண்ணு பக்கத்துல இருக்கும். அது என் பொண்ணோடது."