மகளிர் பெட்டியில் ஒரு மௌனப் பரிசோதனை

"அந்த மௌனக் கூட்டத்தை ஆய்விலேருந்து அப்படியே தூக்கிடு. சொன்ன பேச்சைக் கேக்காதவங்க நமக்கு எதுக்கு?" என்றார் பேராசிரியர் தாலபத்ரா.

ஸ்ரமணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனைவர் பட்டத்துக்காக மூன்று வருட உழைப்பு. ராணாகாட் லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில் தினம் வேலைக்குப் போகும் பெண்களை மூன்றாகப் பிரித்திருந்தாள். சிலர் பக்கத்திலிருப்பவரோடு பேச வேண்டும், சிலர் பேசவே கூடாது, மற்றவர் வழக்கம்போல். யாருக்கு மனம் லேசாகிறது என்பது கேள்வி. சியால்தா போகிற பெண்ணிடம் வாயைத் திறக்காதே என்று சொல்வதற்கு, படித்தவர்களுக்குத்தான் தோன்றும்.

பேசக் கூடாதவர்களில் ஒருத்தியான பள்ளி ஆசிரியை கஜோரி முதல்நாள் வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பாதிப் பெட்டி அவளைச் சுற்றி நின்றது.

"என்னடி, வீட்ல சண்டையா?"

"மாமியா கைய நீட்டிட்டாளா? சொல்லு, சாயங்காலமே வந்து நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கறோம்."

ஒருத்தி பொரியும் பச்சை மிளகாயும் கையில் திணித்தாள். கஜோரி தாக்குப்பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பேசக் கூடாத எல்லாப் பெண்களுக்கும் இதே கதிதான். கடைசியில் பார்த்தால், மூன்று கூட்டத்திலும் அவர்கள் மனம்தான் அதிகம் லேசாகியிருந்தது.

"சார், இதுதானே முடிவு! ஒருத்தி வாய மூடினா மத்தவங்க சும்மா விடறதில்ல. இதையே எழுதலாமே."

"எந்த ஆய்வுப் பத்திரிகைம்மா இதைப் போடும்? தூக்கு. இல்லேன்னா உன் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நடந்ததை நடக்காத மாதிரி எழுத என்னால ஆகாது சார்."

"அப்ப நானே எழுதிக்கறேன்."

மறுநாள் காலை ஸ்ரமணா அதே பெட்டியில் ஏறி, நடந்ததை எல்லோரிடமும் உடைத்துச் சொன்னாள்.

"ஆரம்பத்துல சொன்னதுதான் அக்கா. யாரும் எப்ப வேணா விலகிக்கலாம். விலகிட்டா, நீங்க குடுத்த பதில் எதையும் அப்புறம் சார் தொட முடியாது."

"விலகினா உனக்கு என்ன ஆகும்?" என்றாள் கஜோரி.

"பட்டம் போகும்."

"அப்ப நாங்க என்ன செய்யணும்ங்கறே?"

"அதை நான் சொல்லக் கூடாது. எனக்காகப் பாக்காதீங்க. அவ்வளவுதான்."

கஜோரி போனை எடுத்தாள். ஆய்விலிருந்து விலகுவதாகப் பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினாள். கடைசி ஸ்டேஷனான சியால்தா வருவதற்குள் மூன்று கூட்டமும் விலகிவிட்டது.

மதியம் பேராசிரியர் போனில் கூப்பிட்டார். "உன் மூணு வருஷமும் சேர்ந்து சாம்பலாச்சு, தெரியுமா?"

"தெரியும் சார்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி, மௌனக் கூட்டத்தையும் சேர்த்து எல்லாரையும் வச்சே எழுதுவோம். திரும்பி வரச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்க் கேளுங்க. பிளாட்பாரத்துல நின்னுதான் கேக்கணும் சார், மகளிர் பெட்டில உங்கள ஏத்த மாட்டாங்க."

ஸ்ரமணா போனை வைத்தாள். பயம் நிறைய இருந்தது. வருத்தம் துளியும் இல்லை.