கீ உடையவில்லை

1

இந்தக் கதை ஒரு பட்டறையில் கிடைத்தது. என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மெக்கானிக் சொன்னார்: "வண்டி நின்னாத்தான் வீட்டுல ஆளு நிக்கும்." நாலு பேர் சிரித்தார்கள். இதழாசிரியர் நகைச்சுவைக் கதை கேட்டிருந்தார். தானாக மடியில் வந்து விழுந்தது என்று நினைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பை நினைத்து வயிறு எரிந்தது. ஆகவே, சிரிக்க வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலை வெயிலில் அந்தப் பழைய ஸ்கூட்டர் ஒரு கிழட்டு யானையைப் போல—'

வேண்டாம். ஸ்கூட்டர் ஸ்கூட்டரைப் போலத்தான் இருந்தது.

அதன் சொந்தக்காரி ஒரு மெக்கானிக்கின் மனைவி. கல்யாணமானதிலிருந்து அவன் பட்டறையில் மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவுகிறாள். சம்பளம் கிடையாது; வீட்டு ஆளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? இப்போது ஊருக்கு வெளியே ஒரு பஸ் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அங்கே போக அவளுடைய ஸ்கூட்டரை விட்டால் வேறு வழியில்லை. அவளுடைய அண்ணன் முன்னால் கணவன் பெருந்தன்மையாகச் சொன்னான்: "வண்டி ஓடுனா போகட்டும் மச்சான். நான் என்ன தடுக்கவா போறேன்?"

வியாழக்கிழமை வண்டி நின்றது. "கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு. இந்த மாடலுக்கு இப்பப் பிளேட்டே வர்றதில்ல" என்றான்.

(அவனும் பாவம், சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து— இதழாசிரியருக்கு இப்படிப்பட்ட வரிகள் பிடிக்கும். அடித்துவிட்டேன்.)

3

சனிக்கிழமை அவன் டயர் வாங்கப் போனான். அவள் வண்டியிடம் போனாள்.

கிக்கரை மிதித்தாள். எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போனது. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினாள். பின்சக்கரம் சும்மா உருண்டது, இன்ஜின் அசையவில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபேனைக் கையால் சுற்றினாள். அங்கே கம்ப்ரஷன், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம், நன்றாகத் திமிறியது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. கிக்கரும் சக்கரமும் அதை எட்டவில்லை. இரண்டுக்கும் பொதுவான வழி கிளட்ச்தான்.*

வண்டியைச் சாய்த்துக் கிளட்சைக் கழற்றினாள். பிளேட்டுகளில் ஒட்டியிருக்கும் கார்க் தேயாமல் தடியாக இருந்தது. முதல் பொய். கிளட்சையும் இன்ஜின் தண்டையும் பிணைக்க நகத்தளவு பிறை போன்ற ஓர் இரும்புத் துண்டு உண்டு, கீ என்பார்கள். அதைக் காணோம்.

கீ உடைவது சகஜம். உடைந்தால் பாதி அது உட்காரும் பள்ளத்திலேயே சிக்கியிருக்கும், விளிம்பு குதறியிருக்கும், எண்ணெயில் இரும்புப் பொடி மின்னும். அவள் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பள்ளம் துடைத்து வைத்தது போல இருந்தது. மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் கூடப் புதிது; யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

அங்கேதான் அவன் மாட்டினான். ஒரு பழைய கீயை நொறுக்கி உள்ளே தூவியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நல்ல வேலைக்காரன், கெடுக்கிற வேலையைக் கூட அவனுக்குச் சுத்தமாகத்தான் செய்ய வந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. எனக்கும்தான்.

(* எல்லா ஸ்கூட்டரும் இப்படியில்லை. மெக்கானிக்குகள் கடிதம் எழுத வேண்டாம்.)

4

பட்டறை டப்பாவிலிருந்து ஒரு கீ எடுத்துப் போட்டாள். ஒரே மிதி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் வாசலுக்கு வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு தொறந்தா?"

"நாந்தான். கீ இல்ல."

"ஒடஞ்சிருக்கும்."

"ஒடஞ்ச பொடி எங்கங்க? எண்ணெய வடிகட்டிட்டேன்."

அடுத்து அவன் பேச வேண்டும். மூன்று வரி எழுதிப் பார்த்தேன். 'நீ இல்லாம எனக்கு வீடு வெறிச்சுனு இருக்கும்' என்பது முதலாவது. இதழாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். 'அங்க ஆம்பளைங்க நெறைய' என்பது இரண்டாவது. இரண்டும் பொய். அவன் உண்மையில் சொன்னது இது:

"நீ போயிட்டா இதையெல்லாம் யாரு கழுவுறது?"

5

இத்துடன் முடிக்கலாம் என்கிறார் இதழாசிரியர். வண்டி ஓடுகிறது, பெண் ஜெயித்தாள், சுபம். எப்படி ஐயா சுபம்? அவள் திங்கட்கிழமை போய்த் திரும்புவாள். ராத்திரி வண்டி அவன் பட்டறையில்தான் நிற்கும். இன்றைக்குக் கீ, நாளைக்குக் கேபிள், அதற்கு மறுநாள் பிளக். அவளைத் தூங்காமல் காவலுக்கு உட்கார வைக்கவா நான் இதை எழுதினேன்?

அது அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ராத்திரியில வண்டிய உங்க வீட்டுல நிறுத்திக்கட்டுமா?"

அண்ணன் சிரித்தான். "எதுக்கும்மா? அதான் வீட்டுலயே மெக்கானிக் இருக்காருல்ல!"

அவள் போனை வைத்துவிட்டாள். கதைக்குள் அவளுக்கு வேறு யாரையும் நான் படைக்கவில்லை. புதிதாக ஒரு நல்லவனைக் கொண்டுவந்து நிறுத்த மனமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். உங்கள் வீட்டு வாசலில் இடம் இருக்கிறதா?