வாசம் வெளியே போகாத மிஷின்

ஐவி எதையும் அதிகம் யோசிக்கிறவள் இல்லை. பதினொரு வருஷமாகத் தோட்டத்து மருத்துவிச்சி. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்து வயிற்றில் கையை வைத்தால் போதும், பிள்ளை எப்படிக் கிடக்கிறது, இன்றைக்குப் பிறக்குமா நாளைக்கா என்று சொல்லிவிடுவாள். சொன்னது பெரும்பாலும் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கோப்பி மிஷின் வாங்குவதற்கு மூன்று மாதம் யோசித்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் புருஷனுடைய மூக்கு.

புருஷன் லியனார்ட், ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் ஒன்பது வருஷம் உதவி டீமேக்கராக இருந்தவன். ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம் அவனையே பெரிய டீமேக்கராக ஆக்கினார்கள். கொழுந்து வாடுவது, அரைபடுவது, புளிப்பது, காய்வது, சலித்துத் தரம் பிரிப்பது எல்லாம் இனி அவன் பொறுப்பு. ஸ்டோரில் அவனுக்கு 'மூக்கு ஐயா' என்று பெயர். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சலிக்கும் அறைக்குள் வெற்றிலை கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடாது என்று அவன் சட்டம் போட்டிருந்தான். பொம்பளைகள் வாசலில் பூவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கோப்பி என்றால் உயிர். கொத்மலைப் பக்கம் வேலை பழகிய காலத்தில் ஒரு ஆபீஸ் கிளாக்கர் வீட்டில் தங்கியிருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம். நாள் முழுக்கத் தேயிலையை உறிஞ்சி உறிஞ்சித் துப்புகிற வாய்க்கு, சாயந்தரம் ஒரு வாய் கோப்பி கிடைத்தால் வேறு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும் என்பான். ஆனால் ஸ்டோருக்கு நாற்பது அடி தள்ளி இருந்த குவாட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து வீட்டுக்குள் கோப்பித்தூளை விட்டதில்லை. வருஷத்தில் நாலைந்து தடவை நுவரெலியாவுக்குப் போகும்போது ஹோட்டலில் ஒரு டம்ளர் குடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். திரும்பி வந்ததும் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டுதான் ஸ்டோர் பக்கம் போவான்.

பெரிய டீமேக்கர் ஆனதற்கு அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று ஐவி நினைத்தபோது, கைக்கடிகாரம், குடை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடிகாரம் எல்லாரும் கொடுப்பது. அவன் ஆசைப்பட்டு விட்டுவிட்ட ஒரே பொருளைக் கொடுக்கவேண்டும் என்பது அவள் தீர்மானம். அதற்கு ஒரு மிஷின் வேண்டும். நல்ல கோப்பி வரவேண்டும். வாசம் மட்டும் வீட்டைத் தாண்டக்கூடாது.

சித்திரையில் ஒரு புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினாள். துரைமார் வீட்டுச் சாமான்கள் விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்ட சிவசாமி மரியாதை தெரிந்த மனுஷன், பேச்சிலும் கெட்டி. கோப்பி மிஷின் என்றதும் பளபளவென்று ஒரு மின்சாரக் கேத்தலை எடுத்து வைத்தார். சொருகினால் போதும், தானாகக் கொதித்துத் தானாக இறங்கும், துரைமார் வீட்டு நோனாமார் எல்லாரும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"எங்க வீட்டு கரண்டு ஸ்டோர் டர்பைன்ல இருந்து வருது அண்ணே. கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடுறப்ப விளக்கே மின்மினி மாதிரிதான் எரியும். இதைச் சொருகினா ரோலர் நின்னுரும்" என்றாள் ஐவி.

சிவசாமி அடுத்ததை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி உருண்டைகள், கீழே சின்ன ஸ்பிரிட் விளக்கு. விளக்கை ஏற்றினால் கீழ் உருண்டைத் தண்ணீர் மேலே ஏறும், அணைத்தால் கோப்பியாக இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐவி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மேலே பரணில் தூசி படிந்து கிடந்த வெள்ளைப் பீங்கான் சாமான் ஒன்றைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள்.

ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு துரையின் பங்களாவிலிருந்து வந்தது அது. ஜெர்மன்காரன் செய்தது. மேலடுக்கில் தூளைப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, திருகு மூடியை முறுக்கி மூடிவிடவேண்டும். கீழடுக்கில் கோப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும். மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம். அடியில் ஓரிடம் லேசாக உடைந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை என்று சிவசாமி உண்மையைச் சொன்னார்.

மூன்றிலும் கோப்பி போட்டுக் காட்டச் சொன்னாள் ஐவி. சிவசாமி சிரித்துவிட்டு, ஒரு டின் கோப்பித்தூளை உடைத்தார். முதலாவதைப் போட்டபோது ஐவி கடைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று மாறியதும் அடுத்ததைப் போடச் சொல்லி மறுபடி வெளியே போனாள். மின்சாரக் கேத்தல் கொதித்தபோது வாசம் தெருவுக்கே வந்தது. கண்ணாடி உருண்டைக்குக் கதவிடுக்கு வரைக்கும் வந்தது. பீங்கானைப் போட்டபோது அவள் மூக்கைக் கதவில் வைத்துக்கூட மோந்து பார்த்தாள். ஏதோ லேசாக வந்தது. ஆனால் வந்தது.

"எல்லாரும் வாசத்துக்காகத்தாம்மா கோப்பி குடிக்கிறாங்க. நீங்க வாசம் வராத மிஷின் கேக்குறீங்களே" என்றார் சிவசாமி.

"வாசம் கப்புக்குள்ள இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் மூக்கை உள்ள விட்டுக்குவாரு."

லேசாக வந்த வாசம் எங்கிருந்து என்று அவள் தேடினாள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஜாம் போத்தலுக்குப் போடுகிற வளையம் இருக்கிறதா என்று கேட்டு, நாலைந்தை வைத்துப் பார்த்து, இறுக்கமாகப் பொருந்திய ஒன்றைப் போட்டுத் திருகச் செய்தாள். மறுபடி வெளியே போய் நின்றாள். இந்தத் தடவை தெருவில் போன குதிரையின் வாசம்தான் வந்தது. உள்ளே வந்து, இதைக் கட்டுங்கள், கூட ஒரு டின் தூளும் என்றாள்.

மறுநாளே கொடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தான் வேலை பார்க்கிற தோட்டத்து டிஸ்பென்சரி அலுமாரியில் வைத்திருந்தாள். அதற்கும் கணக்கு இருந்தது. சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறு காலையோடு அரைத்துக் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பு கிடையாது. ஆகவே பூசை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில் ஸ்டோர் நின்றுபோய் ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கும்.

அந்த ஞாயிறு, சாப்பாடு முடிந்ததும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். லியனார்டுக்கு அது என்ன என்று உடனே புரிந்துவிட்டது. மூடியைத் திருகித் திறந்தான், மூடினான், அடுக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புதுச் சட்டை கிடைத்த பிள்ளையின் முகம். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் மாறியது.

"நல்ல சாமான்தான் ஐவி. ஆனா வேணாம். திருப்பிக் குடுத்துரு. நாளைக்கு ஸ்டோர்ல ஒரு பெட்டி தேயிலை கெட்டாலும் என் பேர்தான் கெடும். மத்தவங்க பூவைக் கழட்டி வச்சுட்டு வரணும், நான் மட்டும் கோப்பி குடிக்கணுமா?"

ஐவி தான் செய்ததையெல்லாம் சொன்னாள். கடை வாசலில் நின்றதை, வளையம் மாற்றியதை, காற்று மதியத்துக்கு மேல் ஸ்டோரிலிருந்து வீட்டுப் பக்கமாகத்தான் அடிக்கிறது, வீட்டிலிருந்து ஸ்டோருக்கு இல்லை என்று ஒரு மாதம் துணி காயப்போட்டுப் பார்த்து வைத்திருந்ததை. அவன் எல்லாவற்றையும் கேட்டான். அப்புறம், மூக்கு சொல்வதை நம்பமாட்டேன், தேயிலை சொல்லட்டும் என்றான்.

அவனே ஒரு சோதனை வகுத்தான். வியாழக்கிழமை செய்த தேயிலை, டின்னில் இறுக மூடி வைத்தது கொஞ்சம் இருந்தது. அதை இரண்டு சாஸரில் பரப்பினான். ஒன்றைச் சமையலறையில், கோப்பி மிஷினுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தான். மற்றதைக் கொண்டுபோய் ஸ்டோரின் சலிக்கும் அறையில் வைத்துக் கதவைப் பூட்டினான். நாளைக் காலை இரண்டையும் ஊற்றி, எது எது என்று தெரியாமல் குடித்துப் பார்ப்பான். சமையலறைச் சாஸரை நாக்கு அடையாளம் கண்டுவிட்டால் மிஷின் திரும்பிப் போகவேண்டும்.

"கண்டுபிடிக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஐவி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

கோப்பி இறங்கி முடிந்ததும் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள். லியனார்ட் பழக்க தோஷத்தில் சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்புவதற்காகப் பின்கதவு வரைக்கும் போய்விட்டான். அங்கேதான் ஞாபகம் வந்து விழுங்கினான். ஐவி சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்தான். மீதியை நின்றபடியே மெதுவாகக் குடித்தான். கப்பின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை காலை குளித்து, துவைத்த உடுப்பு போட்டுக்கொண்டு, ருசி பார்க்கும் அறைக்குப் போனான். ஐவியும் டிஸ்பென்சரிக்குப் போகிற வழியில் வந்தாள். அவன் வெளியே நிற்க, அவளே இரண்டு கப்பின் அடியிலும் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு, இரண்டிலும் ஒரே அளவு தேயிலை போட்டு ஊற்றி, சாயம் இறங்கியதும் கூப்பிட்டாள்.

முதல் கப்பை உறிஞ்சித் துப்பினான். நல்லது என்று தலையாட்டினான். இரண்டாவதை உறிஞ்சினதும் நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை உறிஞ்சினான். கப்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தான்.

"இது கெட்டிருக்கு ஐவி. லேசாத்தான். ஆனா கெட்டிருக்கு. எனக்கு ரொம்ப வருத்தம்."

ஐவி கப்பைத் தூக்கி அடியைக் காட்டினாள். "இது ஸ்டோர் சாஸருங்க."

அவன் நம்பவில்லை. அவள் மாற்றிப் போட்டிருப்பாள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். அவன் கண் முன்னாலேயே மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் அதுவேதான். சமையலறைத் தேயிலை சுத்தம். ஸ்டோர்த் தேயிலையில் ஏதோ ஒரு எண்ணெய் நெடி.

லியனார்ட் கப்பை வைத்தான். சலிக்கும் அறைக்கு ஓடினான். அந்த வாரம் வெளியிலிருந்து பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்ததால், சனிக்கிழமை ஜன்னல் சட்டங்களுக்கு எண்ணெய்ச் சாயம் அடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, நெடி போகும்வரை அவன் பக்கத்திலேயே நின்றான். சனி முழுக்கவும் ஞாயிறு காலையிலும் அதற்குள்ளேயே நின்றதில் மூக்கு பழகிப்போனது அவனுக்குத் தெரியவில்லை. நெடி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். இப்போது குனிந்து தேடினபோது, மூலைச் சாக்குகளுக்குப் பின்னால் மிச்சச் சாய டின் ஒன்று மூடியில்லாமல் இருந்தது. அதற்கு இரண்டடி தள்ளித்தான் நேற்று அவன் சாஸரை வைத்திருந்தான். பக்கத்திலேயே, காலையில் பெட்டியில் அடைப்பதற்காகத் தேயிலைத் தொட்டிகள்.

வெறும் பெட்டிகளுக்குத் தட்தட்டென்று ஆணி அடிக்கிற சத்தம் அதற்குள் தொடங்கிவிட்டது. அடைப்பதை நிறுத்தச் சொன்னான். தொட்டி தொட்டியாக எடுத்து ஊற்றிக் குடித்தான். மூலைத் தொட்டி ஒன்றுதான் கெட்டிருந்தது. மற்றவை தப்பித்திருந்தன. அந்த ஒன்றும் மற்றவற்றோடு கலந்து கொழும்புக்குப் போயிருந்தால், வாரத் தேயிலை முழுக்கப் பேர் கெட்டிருக்கும்.

தோட்டத்துத் துரையிடம் சொல்லியாகவேண்டும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் கோப்பியைச் சொல்லவேண்டும். பெரிய டீமேக்கராகி நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. லியனார்ட் ஸ்டோர் வாசலில் நின்று தயங்கினான்.

"நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்க. பெட்டிக்குள்ள போகாம நிறுத்தினது நீங்கதான்" என்றாள் ஐவி. அவளுக்குத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கு லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கவேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டாள்.

மத்தியானம் அவள் இறங்கி வந்தபோது அவன் சாப்பிடாமல் காத்திருந்தான். துரை முதலில் கோபப்பட்டாராம். அப்புறம் அவரே ஸ்டோருக்கு வந்து, இரண்டு கப்பையும் ஊற்றச் சொல்லிக் குடித்துப் பார்த்தாராம். நெடி அவருக்கும் பிடிபட்டது. சாயம் அடிக்கிற வேலை அன்றோடு நின்றது. சனி ஞாயிறுகளில் ஒரு சாஸர் தேயிலையை ஸ்டோருக்கு வெளியே ஒரு வீட்டில் வைத்து, திங்கட்கிழமை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாராம்.

"எந்த வீட்டுல வைக்கச் சொன்னாரு?"

"நம்ம வீட்டுலதான். கோப்பி போடுற வீட்டுல வச்சும் கெடலேன்னா அதைவிட நல்ல இடம் இல்லேன்னு சொல்லிட்டாரு."

ஐவி தட்டைப் போட்டாள். சாப்பிடும்போது அவன் பக்கத்து எஸ்டேட் டீமேக்கர் வீட்டுக்கும் இப்படி ஒன்று வாங்கச் சொல்லலாமா என்று கேட்டான். அந்தக் கடையில் அது ஒன்றுதான் இருந்தது என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவனே அடுப்பை மூட்டினான். தூள் அளவு, தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் டீமேக்கர் கணக்கில் பார்த்துப் பார்த்துப் போட்டான். போன வாரத்தைவிட அரைக் கரண்டி தூள் கூட வேண்டும் என்பது அவன் முடிவு. இரண்டு கப் ஊற்றி ஒன்றை அவளிடம் நீட்டினான். ஐவி அதுவரைக்கும் கோப்பி குடித்ததே இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கஷாயம் மாதிரி இருந்தது. முகத்தைக் காட்டாமல் கப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டுத் தனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டாள். அவன் இரண்டையும் குடித்தான்.