விசாலாக்ஷியின் வலது முழங்கால்

“ஊன்றுகோல் எங்கே?” என்றார் எலும்பு டாக்டர்.

“எந்த ஊன்றுகோல்?” என்று விழித்தாள் விசாலாக்ஷி.

ஆறு மாதமாக வலது முழங்காலில் வலி. எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தது. மூன்று வாரம் முன்பு இதே டாக்டர் ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வரவில்லை என்றே கணவன் ஜம்புநாதன் சொல்லி வந்தான். இன்று காலை அவள் ஆபீசுக்கே போன் வந்துவிட்டது. அவனையும் அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“காலை ஊன்றவே கூடாது என்று உங்கள் வீட்டு ஆன்சரிங் மெஷினில் ஐந்து முறை சொன்னோமே!”

அவள் திரும்பினாள். ஜம்புநாதன் முகத்தில் ஈயாடவில்லை.

“எரேஸ் பண்ணிட்டேன் விசாலம். ஆஸ்பத்திரி குரல்னு தெரிஞ்சாலே பட்டனை அமுக்கிடுவேன். உன் காதுல விழுந்துடக் கூடாதேன்னு...”

“எது?”

“கஸ்தூரிரங்கன் அங்கிள் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு கேன்சர்னார். காலை எடுக்கணுமாம். அவகிட்ட மூச்சு விடாதேன்னார்.”

“அவர் ஹார்ட் டாக்டராச்சேன்னா!”

ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர்த் தமிழர்களில் யாருக்கு என்ன வந்தாலும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு எக்ஸ்ரே அந்த அங்கிள் வீட்டுக் கண்ணாடிக் கதவில் ஏறிவிடும். அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது.

“கேன்சர் இல்லை” என்றார்.

ஜம்புநாதன் வாய்விட்டு அழுதான். டாக்டர் கையமர்த்தினார். உயிரை எடுக்காத கட்டிதான். ஆனால் எலும்பை அரிக்கும் முரட்டுக் கட்டி. இன்று எடுத்த படத்தில் மூட்டின் விளிம்பு வரை தின்றிருந்தது. மிஞ்சியது முட்டை ஓடு போல ஒரு மெல்லிய சுவர். ஒருமுறை இடறினால் மூட்டே நொறுங்கும். பிறகு காலை மடக்கவே முடியாது.

விசாலாக்ஷி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்தக் காலோடுதான் இரண்டு மாடி ஏறி இறங்கினாள்!

“நாளைக்கே கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தை எலும்பு சிமென்டால் அடைப்போம். மறுபடி வளரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும்.”

“சிமென்டா?” ஜம்புநாதன் கண்ணைத் துடைத்தான். “எதுக்கும் அங்கிளை ஒரு வார்த்தை...”

“இது என் கால்!”

டாக்டர் நீட்டிய ஆபரேஷன் சம்மதப் படிவத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதில் இருந்த வீட்டு போன் நம்பரை அடித்துவிட்டுத் தன் ஆபீஸ் நம்பரை எழுதினாள். நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“நான் தள்ளட்டுமா?” என்றான் ஜம்புநாதன், ஈனஸ்வரத்தில்.

“தள்ளுங்கோ. டாக்டர் பேசறச்சே மட்டும் குறுக்கே வராதீங்கோ.”