இராஜாங்கத்துக்கு வாய் முளைத்தது

பக்கத்து வீட்டுக் கூரைமேல் நின்றுகொண்டு இராஜாங்கம் நிலச் சீர்திருத்தம் பேசிக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாத நேரம். யாரும் அவரைக் கூரை வேயக் கூப்பிடவில்லை. கீற்றை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று அவராகவே ஏறிவிட்டார். கை கீற்றைக் கட்டிக்கொண்டே இருந்தது, வாய் மிராசுதார்களைக் கிழித்துக்கொண்டே இருந்தது. கீழே வேப்பங்குச்சியும் கையுமாக நின்ற ஆட்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். அவர் பெண்டாட்டி அம்சவல்லியும் அந்தக் கும்பலில்தான் நின்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொங்கல் வரைக்கும் இந்த மனிதர் வாயைத் திறந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மாப்பிள்ளை ஊமையில்லையே என்று அம்சவல்லியின் அம்மா தனியாக விசாரித்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மாட்டுப் பொங்கல் கழிந்ததும் வாய் முளைத்தது. வயலில் பேசினார், டீக்கடையில் பேசினார், கேட்க ஆளில்லாத களத்து மேட்டில் நின்றும் பேசினார். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. மனையோடு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டு, மிராசுதாரின் நஞ்சை முழுவதையும் வாய்வார்த்தையாகவே தெருவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார். கண்ணாத்தாள் கிழவிக்கு வாய்க்காலோரமாக நல்ல துண்டு கிடைத்தது. அவள் அன்று முழுக்க அந்த வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தலைகால் புரியாமல் திரிந்தது ரெத்தினம்தான். அவர் அம்சவல்லியின் அண்ணன், விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். கோஷம் போட்டால் ஆற்றின் அக்கரையில் கொக்கு எழும்பும். ஆனால் தாசில்தாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன வருஷப் பேச்சுவார்த்தையில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்கப் போனவர்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இந்த வருஷப் பேச்சுவார்த்தை திங்கட்கிழமை. மச்சான்தான் பேசுவார் என்று ரெத்தினம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இராஜாங்கத்துக்கு மாலையும் போட்டார்கள்.

அம்சவல்லிக்கும் பெருமைதான், அதை மறைக்க முடியாது. இத்தனை வருஷமாகச் சுவரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் திடீரென்று ஒரு புருஷன் கிடைத்திருந்தார். பூ வாங்கி வந்தார், அவள் தலையைச் சீவிவிட்டார், பாடக்கூடப் பாடினார். அந்த முதல் சில நாட்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் அவர் பாயில் படுத்து எத்தனையோ நாளாகிவிட்டது. படுக்கவில்லையே தவிர அலுப்பும் தெரியவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. பால் கறந்துகொண்டிருந்த ஆட்டை வழியில் போன யாருக்கோ பிடித்துக் கொடுத்துவிட்டார். எல்லாம் நல்ல மனசு, நாட்டுக்கு உழைக்கிற மும்முரம் என்று அவளும் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாலை போட்ட மறுநாள்தான் பேச்சுவார்த்தை என்றிருக்க, தாசில்தார் அதை வியாழனுக்குத் தள்ளி வைத்தார். அந்தத் திங்கட்கிழமை வரப்பில் புல் அறுக்கும்போது அரிவாள் அவள் விரலில் இறங்கியது. ரத்தம் கொட்டியது. பக்கத்தில் இராஜாங்கம் நின்றிருந்தார். முன்பெல்லாம் அவள் காலில் முள் தைத்தாலே துண்டைக் கிழித்துக் கட்டுகிறவர் அவர். இப்போது விரலைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. "பாருங்கள், இதுதான் உழைப்பாளியின் ரத்தம்!" என்று ஆரம்பித்தார். அவள் விரலை முந்தானையில் அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தாள். பேச்சு நிற்கவில்லை. அவர் கண் அவள்மேல்தான் இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு இது சந்தோஷம் இல்லை, வேறு என்னவோ என்று பட்டுவிட்டது.

கட்டுப் போட்டுவிட்ட நர்சு சைத்தூன் பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சைத்தூன் பீவி பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். "தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில மனசுக்குன்னே தனியா டாக்டர் இருக்காரு. நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போ அம்சு. தள்ளிப் போடாத" என்றாள்.

தெருவுக்குச் சேதி தெரிந்ததும் ரெத்தினம் வந்து குதித்தார்.

"யாராவது உன்னைப் புடிச்சு, அவர் வாயை அடைக்கச் சொன்னாங்களா?"

"என்னண்ணே பேசற? வியாழக்கெழம மிராசு வீட்டுக் கூடத்துல போயி உக்காந்து பட்டா எழுதப் போறேங்கறாரு. அந்த வாசல்ல போலீசு வண்டி நிக்கிது. அடிச்சுப் போட்டா யாரு கேப்பா?"

"மச்சானுக்குப் பைத்தியங்கிறியா?"

"ஒடம்பு சரியில்லங்கறேன். அவரு பேச்சு அவரு சொன்னாக்கூட நிக்க மாட்டேங்குது."

ரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தெருவில் அன்றைக்கு அவளோடு யாரும் பேசவில்லை.

அவரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு என்று பயந்தாள். கடைசியில் ஒரு வார்த்தையில் முடிந்தது. "தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் இருக்காராம். நம்ம கோரிக்கை ஒண்ணுகூட அவருக்குத் தெரியாதாம்." இராஜாங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிவிட்டார். வழி நெடுகப் பேசினார். கண்டக்டர் ரசித்துக் கேட்டுக்கொண்டே வந்து, இறங்கும்போது, "தலைவருக்கு எந்தத் தொகுதிங்க?" என்று அவளிடம் கேட்டார்.

டாக்டர் அகமது கபீர் அதிராம்பட்டினத்துக்காரர், சின்ன வயசு. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் இராஜாங்கத்தின் பேச்சைக் கேட்டார். கூலியில் தொடங்கிய பேச்சு கல்லணைக்குப் போய், அங்கிருந்து சந்திரனுக்கு ஏறி, ஆட்டுப்பாலில் இறங்கியது. பிறகு டாக்டர் அம்சவல்லியைத் தனியே அழைத்து விசாரித்தார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வாரிக் கொடுக்கிறாரா, கோபம் வருகிறதா, எத்தனை நாளாக. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"இதுக்கு நேர்மாறா எப்பவாவது இருந்திருக்காராம்மா? ஒண்ணுமே வேண்டாம்னு, எழுந்திரிக்காம?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு குறுவைக் காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சோம்பேறி என்று தெருவே சிரித்தது. ரெத்தினம் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார். அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை, ஈரத்திலேயே கிடந்தார்.

"ரெண்டும் ஒரே நோய்தாம்மா. மனசு ஒரு சமயம் கீழ விழுந்துடுது, ஒரு சமயம் மேல ஏறிக்குது. சந்தோஷமா இருக்கறது நோயில்ல. தூங்காம, களைப்புத் தெரியாம, பேச்சு நிக்காம, கையில உள்ளதை வாரி எறைச்சுக்கிட்டு, வாரக்கணக்குல இப்படியே இருந்தா அது நோய். மருந்து இருக்கு."

"அப்ப சோம்பேறின்னு வைதோம், இப்ப தலைவர்னு மாலை போட்டோம். ரெண்டு வாட்டியும் எங்களுக்குத் தெரியலையே டாக்டர்."

"தெரிஞ்சதாலதானே வந்திருக்கீங்க?"

அவளுக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது. "மருந்து குடுத்தா மறுபடியும் வாயே தெறக்காமப் போயிருவாருங்களா? கொஞ்சம் பேச்சு மட்டும் மிச்சம் வைங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அவரோட பேச்சை நான் எடுக்க மாட்டேம்மா. நோயோட பேச்சுதான் போகும். எது எதுன்னு போகப் போகத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் போட்ட ஊசியில் இராஜாங்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனார். அம்சவல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே எழுப்பிக் கஞ்சி கொடுத்தால் கண்ணைத் திறக்காமல் குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். வியாழக்கிழமை வந்தது, பேச்சுவார்த்தை நேரமும் போனது. அரைப்படி போனால் தெரு தன்னைச் சும்மா விடாது என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்டு வாசலில் ரெத்தினம் நின்றார். தோளில் சிவப்புத் துண்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் எழுந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்துக் கட்டிலைக் காட்டினாள். பிறந்ததிலிருந்து மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாத மனிதர், மென்று விழுங்கி, காற்றுக் குரலில் சொன்னார்.

"கெடைச்சிருச்சு அம்சு."

"என்னது?"

"அரைப்படி. நாந்தான் பேசினேன். எங்க பேசினேன், வேற ஒண்ணுமே வரல. 'அரைப்படி, அரைப்படி'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்க என்ன கேட்டாலும் அரைப்படி. பொழுது சாயற நேரத்துல மிராசே அலுத்துப்போயி, குடுத்துத் தொலைங்கய்யான்னுட்டாரு."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அவரும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"சுருண்டு படுத்துக் கெடக்கறதும் இதே நோயிதான்னு சைத்தூன் அக்கா சொல்லிச்சு. அன்னிக்கு நான் தண்ணி ஊத்தினேனே, அதுவும் இதுதானா?"

"அதுவும்தாண்ணே."

ரெத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சும்மா நிற்க முடியாமல், முஷ்டியை உயர்த்தி, சத்தமே இல்லாமல், "தொழிலாளர் ஒற்றுமை" என்று உதட்டை மட்டும் அசைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, அவரும் கையைத் தூக்கி "ஓங்குக" என்று வாயசைத்தார். அடுத்த கட்டிலிலும் ஒரு கை எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வார்டு முழுக்கக் கைகள் எழுந்தன.

அப்போது இராஜாங்கம் புரண்டு படுத்தார். உதடு அசைந்தது. அண்ணனும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

"தண்ணி" என்றார்.

இன்னும் வருமென்று காத்திருந்தார்கள். வரவில்லை. கேட்டது கிடைக்கும் என்ற நிம்மதியில் அவர் கண்ணை மூடியபடி பேசாமல் கிடந்தார். அம்சவல்லி அழுதுகொண்டே சிரித்தாள். ரெத்தினம் சொம்பை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடி, வழிய வழியப் பிடித்து, தூக்கிய கைகளுக்கு நடுவே ஒரு சொட்டுச் சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து வந்துகொண்டிருந்தார்.